எத்தனை சுற்று, தம்பி?

ஒகேனக்கல் போகிறவர்கள் மூன்று காரியம் செய்யாமல் திரும்புவதில்லை. எண்ணெய் மசாஜ், பரிசல் சவாரி, மீன் வறுவல். போன தை மாதம் நானும் மூன்றையும் முறையாகச் செய்தேன். நான்காவதாக ஒன்று நடந்தது. அதைச் சொல்லத்தான் இந்த வாரம் உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் கோபமாகத்தான் இருக்கும். யார் மேல் கோபம் என்கிறீர்களா? உங்கள் மேல். அப்புறம், என் மேல்.

அதற்கு முன்னால் ஒரு பாவமன்னிப்பு.

ஒகேனக்கல் போவதற்கு இரண்டு வாரம் முன்பு, சென்னையில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் கண்காட்சி. நடுவராக வரச் சொல்லி அழைப்பு. நானோ பி.காம். இயற்பியலுக்கும் எனக்கும் பத்தாம் வகுப்போடு விவாகரத்து ஆகிவிட்டது. ஆனால், வாராவாரம் போட்டோ போட்டு எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று நம் ஊர் நம்புகிறது. நம்பிக்கையை ஏன் கெடுக்க வேண்டும் என்று போய்விட்டேன்.

அங்கே மொத்தக் கூட்டமும் ஒரே மேஜையைச் சுற்றி நின்றது. மேஜை மேல் உள்ளங்கை அகலத்தில் ஒரு பச்சை அட்டை. அதில் செங்குத்தாக ஒரு குழாய், குழாய் முழுக்கத் தலைமுடி மாதிரி கம்பி சுற்றியிருக்கிறது. ஸ்விட்ச் போட்டதும் உச்சியில் ஊதா நிறத்தில் ஒரு பொறி. பக்கத்தில் டியூப் லைட்டைக் கையில் பிடித்தால், ஒயர் கியர் எதுவும் இல்லாமல் எரிகிறது! ஒன்பதாம் வகுப்புப் பையன், கழுத்தில் டை, கணீரென்ற இங்கிலீஷ். ‘டெஸ்லா காயில்’ என்றான். கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் கேட்டுவிட்டது. “எத்தனை சுற்று, தம்பி?”

பையன் அம்மாவைப் பார்த்தான். அம்மா சொன்னார்: “ஆயிரம் இருக்கும் சார்.”

“எண்ணினீங்களா?”

“கிட் சார். ஆன்லைன்ல வாங்கினோம். அப்படியே ரெடியா வந்துது.”

முதல் பரிசு யாருக்கு என்று நினைக்கிறீர்கள்? அந்த மேஜைக்குத்தான். மதிப்பெண் தாளில் கையெழுத்துப் போட்ட மூன்று பேரில் நானும் ஒருவன். அதைத்தான் பாவமன்னிப்பு என்றேன்.

*

இப்போது ஒகேனக்கல். பரிசல் தள்ளியவர் பேச்சுக்காரர். நான் பத்திரிகைக்காரன் என்று தெரிந்ததும் துடுப்பை நிறுத்திவிட்டார். “சார், நீங்க எங்க பையனுக்கு ரெண்டு வார்த்தை புத்தி சொல்லணும். ப்ளஸ் டூ படிக்கறான். படிக்கறத விட்டுட்டு வீட்ல மின்னல் வுடறேன்னு உக்காந்திருக்கான். ரேடியோ போட்டா கொர்ருங்குது.”

சாயங்காலம் புத்தி சொல்லப் போனேன். வாங்கிக்கொண்டு வந்தேன்.

தகர மேஜை மேல் அதே சாமான். குழாய், கம்பி, உச்சியில் அலுமினியத் தாள் சுற்றிய பிளாஸ்டிக் பந்து. பார்க்க லட்சணமாக இல்லை. ஸ்விட்ச் போட்டான். ஒரு சென்டிமீட்டர்கூட வராத ஊதா நூல். சென்னைக் கிட்டின் பொறி இதைவிடப் பெரிசு.

பழக்க தோஷம். கேட்டேன்: “எத்தனை சுற்று, தம்பி?”

பையன் யாரையும் பார்க்கவில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து நீட்டினான்.

“எழுநூறு சார். 36 கேஜ் எனாமல் கம்பி, 50 மில்லிமீட்டர் பிவிசி பைப்பு, 15 சென்டிமீட்டர் உசரம். மொத்தக் கம்பி 110 மீட்டர் வரும். பென்னாகரத்துல மோட்டார் காயில் கட்டற கடையில எடை போட்டுக் குடுத்தாங்க. முப்பது கிராம்.”

அடுத்த அரை மணி நேரம் அவன் எனக்கு வகுப்பெடுத்தான். ஒரு பி.காம். ஆசாமிக்குப் புரிந்த அளவில் உங்களுக்குச் சொல்கிறேன். பயப்படாதீர்கள், எனக்கே புரிந்தது.

தூளியில் குழந்தையை ஆட்டியிருக்கிறீர்கள் அல்லவா? பலமாகத் தள்ள வேண்டியதில்லை. தூளி திரும்பி வரும் நேரம் பார்த்து ஒரு விரலால் தொட்டால் போதும், ஆட்டம் ஏறிக்கொண்டே போகும். ஒவ்வொரு தூளிக்கும் ஒரு தாளம் உண்டு. அந்தக் கம்பிச் சுருளுக்கும் உண்டு. சுருளின் மின்தூண்டல் 7 மில்லி ஹென்றி, பந்தும் சுருளும் சேர்ந்து தேக்கும் அளவு சுமார் 8 பைக்கோ ஃபாரட் என்று கணக்குப் போட்டிருந்தான். இரண்டையும் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, இரண்டு பையால் பெருக்கி, ஒன்றை அதனால் வகுத்தால் தாளம் கிடைத்துவிடும். சுமார் 670 கிலோ ஹெர்ட்ஸ். அதாவது, விநாடிக்கு ஆறு லட்சத்து எழுபதாயிரம் ஆட்டம். அடியில் தடித்த கம்பியில் ஆறு சுற்று இருக்கிறதே, அதுதான் தூளியைத் தள்ளுகிற விரல். தாளம் தப்பாமல் தள்ளினால் உச்சியில் வோல்டேஜ் ஏறிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் காற்று தாங்க முடியாமல் கிழிகிறது. அதுதான் பொறி. ஒரு மில்லிமீட்டர் காற்றைக் கிழிக்க ஏறத்தாழ 3,000 வோல்ட் வேண்டும்.

1891-ல் நிகோலா டெஸ்லா இதைச் செய்தபோது தள்ளுகிற வேலையை ஒரு தீப்பொறி இடைவெளி செய்தது. டமார் டமார் என்று சத்தம் போடும். இன்றைக்கு அந்த வேலையை மாஸ்ஃபெட் என்கிற சில்லு சத்தமில்லாமல் செய்கிறது. அதனால்தான் மேஜை மேல் அடங்குகிறது. ‘சாலிட் ஸ்டேட்’ என்று அதற்குப் பெயர்.

வில்லனும் அந்தச் சில்லுதான். இரண்டு மாஸ்ஃபெட் மாற்றி மாற்றித் திறந்து மூட வேண்டும். தண்ணீர்த் தொட்டியிலிருந்து குழாய்க்கு ஒரு வால்வு, குழாயிலிருந்து சாக்கடைக்கு ஒரு வால்வு என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் திறந்திருந்தால் என்ன ஆகும்? தொட்டி நேராகச் சாக்கடைக்குப் போய்விடும். இங்கே சாக்கடை கிடையாது, புகை. பையனுக்கு நான்கு மாஸ்ஃபெட் புகைந்திருக்கிறது. பரிசல்காரர் வீட்டில் ஒவ்வொரு மாஸ்ஃபெட்டும் ஒரு சின்னச் செலவு இல்லை.

“அஞ்சாவதை எரிக்கல சார்” என்றான். “ஸ்க்ரீன்ல எரிச்சேன்.”

அக்காவுக்கு அரசாங்கம் கொடுத்த பழைய லேப்டாப். அதில் மின்சுற்றை ஒத்திகை பார்க்கிற இலவச மென்பொருள். சிமுலேஷன் என்று பெரிய பெயர், ஆனால் ஒத்திகைதான். 1973-ல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ‘ஸ்பைஸ்’ என்று ஒரு நிரலை எழுதி, ஊருக்கே கொடுத்துவிட்டார்கள். இன்றைக்கு உலகத்தில் சில்லு செய்கிற எந்தக் கம்பெனியும் அதன் வாரிசுகளில் ஒன்றில் ஒத்திகை பார்க்காமல் தொழிற்சாலைப் பக்கம் போவதில்லை. திரையில் எரிகிற மாஸ்ஃபெட்டுக்கு விலை கிடையாது, நூறு எரிக்கலாம். பையன் எரித்துப் பார்த்ததில் தெரிந்தது இது: ஒரு வால்வு மூடி முடிவதற்குள் இன்னொன்று திறந்துவிடுகிறது. ஆட்டம் ஒன்றுக்கு ஒன்றரை மைக்ரோ விநாடிதான் நேரம், அதில் ஆளுக்குப் பாதி. ஒவ்வொரு சில்லின் வாசலிலும் ஒரு மின்தடை, ஒரு டையோடு. திறப்பது கொஞ்சம் தாமதமாக, மூடுவது சட்டென்று. அவ்வளவுதான் வைத்தியம். ஐந்தாவது சில்லு இன்னும் உயிரோடிருக்கிறது.

“அப்போ கம்ப்யூட்டர் சொன்னது எல்லாம் சரியா வந்துதா?”

“வர்ல சார். அதுதான் நல்லாருந்துது.”

நோட்டில் அந்தப் பக்கத்தைக் காட்டினான். மூன்று கட்டம். போட்ட கணக்கு 670. நிஜத்தில் வந்தது சுமார் 610. எப்படி அளந்தாய் என்றேன். அப்பா திட்டுகிற அதே ரேடியோவில்தான்! மீடியம் வேவில் முள்ளைத் திருப்பிக்கொண்டே போனால், ‘கொர்’ எங்கே உச்சமோ அதுதான் காயிலின் தாளம். மூன்றாவது கட்டத்தில் எழுதியிருந்தான்: ‘வித்தியாசம் 60. காரணம்: சுவர், தகர மேஜை, என் கை. ஒன்றே முக்கால் பைக்கோ ஃபாரட் அதிகம்.’ அதன் கீழே: ‘பொறி வந்தால் தாளம் இன்னும் குறைகிறது. நிலையான தாளத்தில் தள்ளினால் பொறி அணைகிறது. காயிலையே கேட்டுத் தள்ள வேண்டும்.’ பக்கத்தில் ஒரு துண்டு ஒயரை ஆன்டெனாவாக நிறுத்தி, காயில் என்ன தாளத்தில் ஆடுகிறதோ அதையே பிடித்துத் திருப்பிச் சில்லுக்குச் சொல்கிற மாதிரி மாற்றியிருந்தான்.

எஸ்டிமேட், ஆக்சுவல், வித்தியாசம். இது மூன்றும் தெரியுமோ இல்லையோ, எந்த பி.காம். ஆசாமிக்கும் கண் கலங்கிவிடும். நாங்கள் மூன்று வருஷம் படித்ததே அதைத்தானே!

“இதை எங்கேயாவது கொண்டுபோனியா?”

“ஒரு கண்காட்சிக்குப் போனேன் சார். பொறி சின்னதா இருக்குன்னாங்க. நோட்டை யாரும் பிரிக்கல.”

*

இப்போது கோபத்துக்கு வருகிறேன்.

ஒகேனக்கல்லை நாம் பெருமையாக என்னவென்று சொல்கிறோம்? ‘இந்தியாவின் நயாகரா’. சுற்றுலாத் துண்டுப் பிரசுரம் முதல் யூடியூப் வரை அதே பல்லவி. அசல் நயாகராவில் என்ன நடந்தது என்று யாராவது கேட்டோமா? 1895-ல் அங்கே மின்நிலையம் ஓடத் தொடங்கியது. அடுத்த வருஷமே பஃபலோ நகரத்துக்கு மின்சாரம் போனது. அந்த மாறுதிசை மின்சார முறைக்குக் காப்புரிமை வைத்திருந்தவர் இதே டெஸ்லா. அருவிக்குப் பக்கத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது. நமக்கு அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். ஒகேனக்கல்லில் நம் தலையில் கொட்டுகிற காவிரி, அதற்கு முன்னால் கர்நாடகத்தில் சிவசமுத்திரத்தில் ஒரு தரம் விழுந்துவிட்டுத்தான் வருகிறது. அங்கே 1902-லேயே மின்நிலையம் வந்துவிட்டது. நயாகராவுக்குப் பிறகு ஏழே வருஷம்! அந்த மின்சாரம் சுமார் 147 கிலோமீட்டர் கம்பியில் பயணம் செய்து கோலார் தங்கச் சுரங்கத்துக்குப் போனது. அவ்வளவு தூரம் போக வேண்டுமென்றால் வோல்டேஜை ஏற்றிக் கரண்ட்டைக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் பாதி வழியில் சூடாகவே தீர்ந்துபோகும். இதைக் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கம்பம் நட்டார்கள். நட்டுவிட்டு அதிர்ஷ்டம் பார்க்கவில்லை.

நூற்று இருபது வருஷம் கழித்து நாம் என்ன செய்கிறோம்? பொறியைப் பார்த்துக் கைதட்டுகிறோம். நோட்டைப் பிரிப்பதில்லை.

இதில் என்ன குடி முழுகிவிட்டது என்று நீங்கள் கேட்கலாம். முழுகுகிறது சார். சொல்கிறேன்.

உங்கள் வாட்ஸ்அப்பில் அந்தச் செய்தி வந்திருக்கும். ‘டெஸ்லா இலவச மின்சாரம் கண்டுபிடித்தார், முதலாளிகள் மறைத்துவிட்டார்கள்.’ அவர் நியூயார்க் பக்கத்தில் 1901-ல் ஒரு கோபுரம் கட்ட ஆரம்பித்தார் என்பதும், முதல் போட்ட மார்கன் மேற்கொண்டு பணம் தர மறுத்தார் என்பதும், 1917-ல் கோபுரத்தை இடித்தார்கள் என்பதும் உண்மை. இலவச மின்சாரம் என்பது பொய். காயில் என்பது ஒரு பேரேடு. உள்ளே 24 வாட் வரவு வைத்தால் வெளியே 24 வாட்டுக்கு மேல் ஒரு பைசா பற்று எழுத முடியாது. வோல்டேஜ் ஆயிரம் மடங்கு ஏறினால் கரண்ட் அதே கணக்கில் இறங்கியாக வேண்டும். போதாததற்குச் சூடு என்று ஒரு கமிஷன் வேறு. நோட்டில் ஒரு தடவை இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பையனை எந்த வாட்ஸ்அப்பும் ஏமாற்ற முடியாது. கிட் வாங்கிப் பரிசு வாங்கிய பையனை ஏமாற்றலாம். அவனுக்குக் கைதட்டிய நம்மை ஏற்கெனவே ஏமாற்றியிருக்கிறார்கள். 1996-ல் மூலிகை பெட்ரோல் என்றதும் தமிழ்நாடே கொண்டாடவில்லையா? உள்ளே என்ன போனது, வெளியே என்ன வந்தது என்று நிறுத்துப் பார்த்துவிட்டுக் கொண்டாடியவர்கள் எத்தனை பேர்? அந்த வழக்கில் தண்டனைத் தீர்ப்பு வர 2016 ஆயிற்று.

இரண்டாவது முழுகல், உயிர். வீடியோவைப் பார்த்து நேராக வீட்டு மின்சாரத்தில் சொருகுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். வீட்டு 230 வோல்ட்டை நேர்மின்சாரமாக மாற்றினால் அது சுமார் 325 வோல்ட். ஸ்விட்சை அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் அது பதுங்கியிருக்கும். ‘இது ஹை ஃப்ரீக்வென்சி, ஷாக் அடிக்காது’ என்று வீடியோக்காரர் சொல்வார். உச்சியில் இருக்கும் பொறியில் சுரீரென்ற ஷாக் தெரியாமல் போகலாம், தோல் வேகும். அடியில் இருக்கும் 325 வோல்ட் ஆளையே முடிக்கும். அமெரிக்காவில் மைக்ரோவேவ் அடுப்பின் டிரான்ஸ்ஃபார்மரைப் பிடுங்கி, மரப்பலகையில் மின்னல் கோலம் போடுகிற வீடியோவைப் பார்த்துச் செய்யப் போய்ப் பலர் செத்திருக்கிறார்கள். ஒகேனக்கல் பையன் 24 வோல்ட்டோடு நிறுத்தியிருந்தான். ஏன் என்றதற்கு, “கணக்குப் போட்டேன் சார், பயமா இருந்துது” என்றான். நம் பிள்ளைகளுக்கு வேண்டியது அந்தப் பயம்தான். கணக்குப் போட்டு வருகிற பயம்.

*

எதிர்க்கட்சியின் வாதத்தையும் கேட்டுவிடுவோம்.

‘கிட் வாங்கிக் கொடுத்தால்தானே ஆர்வம் வரும்?’ வரட்டும். சில நூறு ரூபாய்தான், தாராளமாக வாங்கிக் கொடுங்கள். கடையில் புளியோதரை வாங்கிச் சாப்பிடுவது குற்றமா? ஆனால், அதைத் தூக்கிக்கொண்டு சமையல் போட்டிக்கு வராதீர்கள். வந்தாலும், நடுவரே, பரிசு கொடுக்காதீர்கள்!

‘கம்ப்யூட்டரில் பொம்மை விளையாட்டு, அதைப் போய்ப் பெரிசாகச் சொல்கிறீர்களே?’ பொம்மை விளையாட்டுதான். பட்ஜெட்கூட அப்படித்தான். திரை சொல்வது அப்படியே நடக்காது. சுவரும் மேஜையும் கையும் திரையில் இல்லை. ஆனால், முன்கூட்டி ஒரு எண்ணை எழுதி வைத்தவனுக்கு மட்டும்தான் அது தப்பியது தெரியும். தப்பியது தெரிந்தால்தான் ஏன் என்று கேட்கத் தோன்றும். எழுதி வைக்காதவனுக்கு எது வந்தாலும் வெற்றி. நம் அரசியல் மாதிரி.

‘எல்லாப் பிள்ளைக்கும் இது வருமா?’ பென்னாகரம் பக்கத்துப் பரிசல் வீட்டில் முப்பது கிராம் கம்பியோடு வந்திருக்கிறது. உங்கள் வீட்டில் ஏன் வராது?

அதனால் கேட்கிறேன், பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த முறை பள்ளிக் கண்காட்சிக்குப் போகும்போது ஸ்விட்ச் போடச் சொல்லாதீர்கள். நோட்டைக் கேளுங்கள். மூன்றே கேள்வி. செய்வதற்கு முன் என்ன வரும் என்று எழுதினாய்? செய்தபின் என்ன வந்தது? ஏன் வித்தியாசம்? நோட்டு இல்லாத மேஜைக்கு என்ன பொறி பறந்தாலும் மதிப்பெண் பூஜ்யம். பள்ளிக்கூடங்களுக்கும் சொல்கிறேன்: எரிந்துபோன சில்லுகளை ஒரு டப்பாவில் போட்டுக் கண்காட்சியில் வைக்கச் சொல்லுங்கள், எதனால் எரிந்தது என்று ஒரு வரியோடு. அந்த டப்பாவுக்கு ஒரு பரிசு அறிவியுங்கள். கிட் கடைக்காரர் அந்த டப்பாவை மட்டும் விற்கவே முடியாது.

நான் கிளம்பும்போது பரிசல்காரர் வாசல் வரை வந்தார். “புத்தி சொன்னீங்களா சார்?”

“சொன்னேங்க. ரேடியோவை மட்டும் பையன்கிட்ட இருந்து பிடுங்காதீங்க. அது அவனுக்கு அளவுகோல்.”

அவர் தலையைச் சொறிந்தார். “அப்போ நான் பாட்டுக் கேக்கறது?”

நியாயமான கேள்வி. காயிலைச் சுற்றி இரும்பு வலையில் ஒரு கூண்டு கட்டி, அதை எர்த் செய்தால் இரைச்சல் அடங்குமாம். எவ்வளவு அடங்கும் என்று பையன் இப்போது கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறான். முதலில் நோட்டில்.

பி.கு.: சென்னைப் பள்ளியில் நான் போட்ட கையெழுத்தைத் திரும்பப் பெற வழியில்லை. ‘அடுத்த வருஷமும் நடுவராக வர வேண்டும்’ என்று கடிதம் வந்திருக்கிறது. வருகிறேன், ஆனால் நோட்டு பார்ப்பேன் என்று பதில் போட்டேன். இரண்டு மாதம் ஆகிறது. பதில் இல்லை.